வில்பிரட்டின் மனைவி யோசப்பின்

மஹய்யாவயில் எந்தச் சந்துக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும் என்று கேட்டால் வில்பிரட் யோசிக்காமல் சொல்வார். முப்பத்தோரு வருடமாக மாநகர சபையின் தண்ணீர்ப் பகுதியில் வால்வு திறப்பதும் மூடுவதும்தான் அவருக்கு வேலை. தோளில் ஆள் உயர இரும்புச் சாவி, கையில் பழைய கடிகாரம். கீழ் ரோட்டு வால்வைத் திருகினால் மூன்றாவது நிமிடம் குழாய்கள் இருமத் தொடங்கும். பள்ளிக்கூடத்துச் சந்துக்கு எட்டு நிமிடம். மேட்டு உச்சியில் இருக்கிற கடைசி வீட்டுக்குத் தண்ணீர் ஏற இருபது நிமிடம். அந்தக் கடைசி வீடு அவருடையது.

"ஊருக்கே தண்ணி உடுற மனுசன், வீட்டுல பொஞ்சாதி வெறுங்கொடத்தோட நிக்கிறா" என்பாள் பக்கத்து வீட்டு ராக்கம்மா.

"மேடு ஏறி வரணும்ல ராக்கம்மா. தண்ணிக்கும் மூச்சு வாங்கும்" என்பார் அவர்.

யோசப்பினுக்கும் ஒரு வேலை இருந்தது. சம்பளம் இல்லாத வேலை. அந்த மேட்டில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் அவளுக்குத்தான் ஆள் வரும். செத்தது பெண்ணாக இருந்தால் அவளே குளிப்பாட்டுவாள். தாடையைக் கட்டி, தலை சீவி, விரல்களில் செபமாலையைச் சுற்றிவிடுவாள். பிறகு பெட்டிக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்று செபமாலையைத் தொடங்கி வைப்பாள். சைவக்காரர் வீடுகளிலும் சேலை கட்டிவிட அவளைக் கூப்பிடுவார்கள். எந்தப் பூசை என்றைக்கு, யாருக்குச் சொல்லியனுப்ப வேண்டும், எந்தப் பக்கம் தலைமாடு என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். எல்லாம் முடிந்த பிறகு மூலையில் சுருண்டு கிடக்கிற மகளையோ புருசனையோ தேடிப் போய் ஒரு தட்டை முன்னால் வைப்பாள்.

"சாப்பிடுங்க. செத்தவங்கதான் சாப்பிட மாட்டாங்க. நீங்க சாப்பிடணும்."

அவள் சொன்னால் சாப்பிடுவார்கள்.

போன ஆகஸ்ட் மாதம் ஹேவாஹெட்டத் தோட்டத்தில் அவளுடைய அக்கா இறந்துபோனாள். மண் சரிந்து பாதை அடைபட்டிருந்ததால் பஸ் சுற்றிக்கொண்டு போனது. யோசப்பின் போய் இறங்கியபோது குழியை மூடிவிட்டார்கள். ஊர்ப் பிரேதங்களையெல்லாம் குளிப்பாட்டிய கை சொந்த அக்காவின் முகத்தைத் தொடவில்லை. வீட்டுக்கு வந்தவள் படுத்தாள். அழவில்லை. மூன்று வாரம் சுவரைப் பார்த்தபடி படுத்தே கிடந்தாள். துக்கம், ஆறும் என்று எல்லோரும் சொன்னார்கள். வில்பிரட்டும் அப்படித்தான் நினைத்தார்.

ஒரு காலையில் அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கொண்டுபோய்க் கட்டிலருகே வைத்தார். அவள் கோப்பையையும் அவரையும் பார்த்தாள்.

"செத்தவளுக்கு என்னாத்துக்குங்க தேத்தண்ணி?"

அவர் சிரித்தார். "செத்தவ பேசுவாளா?"

"அதாங்க எனக்கும் வெளங்கல. எங்கயோ பிழையாப் போயிருக்கு. குளிப்பாட்டினது யாரு? பொட்டி எங்க? ஒண்ணையும் காணலியே."

அவள் பகிடிக்குச் சொல்லவில்லை. ஒரு சாவு வீட்டில் ஒழுங்கு தவறியதைக் கண்டுபிடித்த குரலில் சொன்னாள். வயிறு வற்றிப்போய்விட்டது என்றாள். ரத்தம் இல்லை என்றாள். அவருடைய கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்து, "பாருங்க, ஒண்ணும் இல்ல" என்றாள். அவருடைய உள்ளங்கையில் அது அடித்துக்கொண்டிருந்தது.

"அடிக்குதே யோசப்பின்."

"அது ஒங்க கையில அடிக்கிறதுங்க."

மகள் ஷாமலா பிலிமத்தலாவையில் ஒரு ஃபோன் கடையில் வேலை செய்கிறாள். இருபத்தேழு வயது. அப்பாவைப் போல நிதானக்காரி அல்ல. அன்றைக்கே லீவு போட்டு அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மனநோய்ப் பிரிவில் இருந்தவர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, மதனி என்கிற டொக்டர். யோசப்பினோடு முக்கால் மணி நேரம் பேசினார். பிறகு அவளை வெளியில் இருத்திவிட்டு இவர்களைக் கூப்பிட்டார்.

"ஐயா, இது அரிதா வாற வருத்தம். ஆனா உலகத்தில இருக்கிற வருத்தம்தான். மனச்சோர்வு முத்தினா சிலருக்கு இப்பிடி வரும். அவ பொய் சொல்லேல்ல. அவவுக்கு அப்பிடித்தான் தெரியுது."

"நாங்க என்னா செய்யணும் டொக்டர்?"

"அவவோட வாதாட வேண்டாம். ஓமெண்டும் சொல்ல வேண்டாம். குளிசை தாறன். ஆனா குளிசை வேலை செய்யக் கனநாள் எடுக்கும். கரண்ட் பிடிச்சால் கெதியாச் சுகம் வரும். மயக்கிப்போட்டுத்தான் செய்யிறது, நோகாது. நீங்கள் ஒரு கையெழுத்து வைக்கவேணும்."

கரண்ட் என்றதும் வில்பிரட்டின் கை பின்னால் போனது. பம்ப் ஹவுஸில் மோட்டார் வயரைத் தொட்ட கூட்டாளி ஒருத்தன் சுருண்டு விழுந்ததை அவர் பக்கத்தில் நின்று பார்த்தவர். அவனுடைய பற்கள் ஒன்றோடொன்று இறுகியிருந்தன. ஆஸ்பத்திரியில் அவற்றைப் பிரிக்கச் சிரமப்பட்டார்களாம்.

"யோசிச்சுச் சொல்றேன் டொக்டர்."

"யோசியுங்கோ. ஆனா அவ சாப்பாட்டை விட்டிட்டா எங்களுக்கு நேரம் இராது. அதை மறந்திடாதேங்கோ."

பஸ்ஸில் ஷாமலா அவரை விட்டுத் தள்ளி அம்மாவோடு உட்கார்ந்துகொண்டாள். டொக்டர் சொன்னதையே வில்பிரட் நினைத்துக்கொண்டு வந்தார். இல்லை என்று சொல்லக்கூடாது, ஆமாம் என்றும் சொல்லக்கூடாது. அப்படியென்றால் என்னத்தைச் சொல்வது? வால்வு என்றால் திறந்திருக்கும், இல்லையென்றால் மூடியிருக்கும்.

டொக்டர் பயந்தது அந்த வாரமே நடந்தது. யோசப்பின் சோற்றைத் தொடவில்லை. குளிசையைத் துப்பினாள். கெஞ்சினால், "பொணத்துக்கு ஊட்டுற வீட்ட எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா?" என்று நியாயம் கேட்டாள். நாலு நாளில் கழுத்தெலும்பு தெரிந்தது.

வழி சொன்னது ராக்கம்மாதான். குடத்தைப் படியில் வைத்துவிட்டு வில்பிரட்டிடம் மெதுவாகச் சொன்னாள்.

"செத்துட்டேங்கிறா. செத்தவங்களுக்கு நம்ம ஊர்ல என்னா செய்வோம்? படைப்போம்ல. படைச்சுத்தான் பாருங்களேன்."

அந்த மேட்டில் வேதக்காரர் வீடுகளிலும் அது உண்டு. ஏழாம் நாளும் முப்பதாம் நாளும் செத்தவருக்குப் பிடித்ததைச் சமைத்து, ஒரு அறையில் இலை போட்டு வைத்து, கதவைச் சாத்திவிட்டு வந்துவிடுவார்கள். யாரும் பார்க்காத நேரத்தில் வந்து சாப்பிட்டுப் போவார்கள் என்று நம்பிக்கை. வில்பிரட் ரொட்டியும் மாசிச் சம்பலும் கருவாட்டுக் குழம்பும் வைத்தார். சம்பலில் ஷாமலா குளிசையைப் பொடித்துக் கலந்தாள். மெழுகுதிரி ஏற்றி, "யோசப்பின், ஒனக்குப் புடிச்சத வச்சிருக்கோம்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, அவள் படுத்திருந்த அறைக் கதவைச் சாத்தினார். அப்பனும் மகளும் வெளியில் கதிரையில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே இலை சரசரத்தது. அரை மணி கழித்துத் திறந்தபோது கருவாட்டு முள் மட்டும் ஒரு ஓரமாக ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது.

ஷாமலா அன்றைக்குத்தான் அழுதாள். ராக்கம்மா வாசலிலிருந்தே, "பாத்தியா, பேய்க்குப் பசி இருக்கு" என்றாள். வில்பிரட்டுக்கே சிரிப்பு வந்தது.

செப்டம்பர் முழுவதும், ஒக்டோபர் முழுவதும் அப்படியே போனது. பகலில் ஒரு தடவை, பொழுது சாய ஒரு தடவை. பத்து மெழுகுதிரிப் பெட்டி முடிந்தது. கிளினிக்கில் டொக்டர் எடை பார்த்துவிட்டு, "குறையேல்ல, நல்லது" என்றார். எப்படிச் சாப்பிடுகிறாள் என்று வில்பிரட் சொல்லவில்லை. கையெழுத்தைப் பற்றி டொக்டர் மறுபடியும் கேட்டபோது, "சாப்பிடுறா டொக்டர்" என்றார். வீட்டில் ஷாமலா கேட்டபோதும் அதைத்தான் சொன்னார்.

"எத்தனை நாளைக்குப்பா அம்மாவப் பொணமாவே வச்சுப் பாக்கப் போறீங்க?"

"சாப்பிடுறாள்ல."

"சாப்பிட்டா போதுமா?"

அவருக்குப் போதும். உயிர் இருந்தால் புத்தி ஒருநாள் திரும்பி வரும். மேட்டுத் தண்ணீர் மாதிரி, சுணங்கினாலும் வரும். அப்படித்தான் அவர் நினைத்திருந்தார்.

நவம்பர் வந்தது. மரித்தோர் மாதம். கோயில் வாசலில் ஒரு மரப்பெட்டி வைப்பார்கள். வீட்டில் செத்தவர்களின் பெயர்களை எழுதிப் போட்டால், ஞாயிறு தமிழ்ப் பூசையில் அந்தப் பெயர்களை வாசித்து அவர்களுக்காக மன்றாடுவார்கள். ஒவ்வொரு வருடமும் சீட்டை எழுதுவது யோசப்பின்தான். இந்த வருடம் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து வில்பிரட்டைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, எம்பேரையும் எழுதுங்க."

அவர் கட்டிலருகே போனார்.

"மூணு மாசமாச்சு. ஒரு பூசை வைக்கல, ஒரு செபம் சொல்லல. நடுவழியில நிக்கிறேன். அதுனாலதான் இப்பிடிப் பேசிக்கிட்டுத் திரியிறேன். ஒங்களுக்கும் பாரம், எனக்கும் பாரம். பேர வாசிச்சிட்டா எளப்பாறிடுவேன்." கொஞ்சம் யோசித்தாள். "வெறும் யோசப்பின்னு எழுதாதீங்க. இந்தப் பங்குல நாலு யோசப்பின் செத்திருக்காளுக. வில்பிரட் மனைவின்னு போடுங்க."

இரண்டு நாள் அவர் அதை மனதுக்குள் உருட்டிக்கொண்டே சாவியைச் சுமந்து திரிந்தார். இலை போட்டபோது ஆமாம் என்றுதானே போட்டோம், அது நல்லதாகத்தானே முடிந்தது? இளைப்பாறிவிட்டால் இந்தப் பேச்சும் நின்றுபோகும். பாரம் இறங்கிய மனுசி எழுந்து அடுப்படிக்குப் போகமாட்டாள் என்று யார் கண்டது? பங்குத்தந்தை எஸ்ரன் சாமியைக் கேட்டால் வேண்டாம் என்பார். ஷாமலாவைக் கேட்டால் சண்டைக்கு வருவாள். அவர் யாரையும் கேட்கவில்லை. அப்பா பெயர், அம்மா பெயர், யோசப்பினின் அக்கா பெயர். அதற்குக் கீழே, வில்பிரட் மனைவி யோசப்பின். சீட்டை நாலாக மடித்துப் பெட்டியில் போட்டார்.

இரண்டாம் ஞாயிறு மூன்று பேரும் பூசைக்குப் போனார்கள். யோசப்பின் தானாகவே குளித்து வெள்ளைச் சேலை கட்டியிருந்தாள். கடைசி வாங்கில் முக்காட்டோடு உட்கார்ந்தாள். பெயர்களை வாசித்தவர் உபதேசியார் யோகராஜ். வயசாளி. சீட்டில் இருப்பதை அப்படியே வாசிக்கிறவர். யோசப்பினின் பெயரை வாசித்து அடுத்த பெயருக்குப் போன பிறகுதான் அவருடைய குரல் தடுமாறியது. முன் வாங்குகளில் தலைகள் திரும்பின. பீடத்தில் சாமி நிமிர்ந்து பார்த்தார். ஷாமலா வில்பிரட்டின் பக்கம் திரும்பவேயில்லை. முன் வாங்கின் விளிம்பை இறுகப் பிடித்தபடி இருந்தாள்.

யோசப்பின் சிலுவை அடையாளம் போட்டாள். நீளமாக ஒரு மூச்சு விட்டாள். அந்த முகத்தை வில்பிரட் மூன்று மாதத்துக்குப் பிறகு பார்த்தார். சாவு வீட்டில் எல்லாவற்றையும் சரியாக முடித்துவிட்டு வெளியே வந்து கை கழுவும்போது அவளுக்கு இருக்கிற முகம் அது. வீடு திரும்பி மேட்டுப் படி ஏறும்போது மூச்சு வாங்காமல் அவருக்கு முன்னால் ஏறினாள். அவருக்குக் கண் கலங்கியது. பிழைத்துக்கொண்டாள் என்று நினைத்தார்.

மத்தியானம் இலை போட்டார். மெழுகுதிரி ஏற்றினார். கதவைச் சாத்தினார். அரை மணி கழித்துத் திறந்தபோது மெழுகு வழிந்து இலையின் ஓரத்தில் உறைந்திருந்தது. சோற்றில் ஒரு பருக்கைகூடக் கலையவில்லை.

"ஏன் யோசப்பின்?"

அவள் மல்லாந்து படுத்திருந்தாள். கைகள் நெஞ்சில் கோர்த்திருந்தன. அவரைத் திருத்துகிற மாதிரி, பொறுமையாகச் சொன்னாள்.

"பேரு வாசிச்சாச்சுல்ல. எளப்பாறின ஆத்துமாவுக்கு அப்புறம் படைக்கக் கூடாதுங்க. வீட்டுப் பக்கம் திருப்பி இழுத்த மாதிரி ஆயிரும். நானே எத்தனை வீட்டுல சொல்லியிருக்கேன்."

அதோடு பேச்சும் நின்றது. எதைச் சொல்லியும் பலனில்லை. ஷாமலா காலைப் பிடித்தாள். ராக்கம்மா திட்டிப் பார்த்தாள்: "அடியே, என்னையக் குளிப்பாட்ட நீதாண்டி வரணும், எந்திரிடி." உதட்டில் விட்ட தண்ணீர் கன்னத்தில் வழிந்தது. நாலாம் நாள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

மதனி டொக்டர் ஏசவில்லை. ஏசியிருந்தால் வில்பிரட்டுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வில்பிரட்டே கையை நீட்டினார்.

"தாளக் குடுங்க டொக்டர். வைக்கிறேன்."

டொக்டர் தாளைக் கொடுத்தார். அவர் கையெழுத்து வைத்தார். டொக்டர் அதைக் கோப்பில் செருகி மூடினார்.

"இப்ப செய்யேலாது ஐயா. ரத்தத்தில உப்பெல்லாம் இறங்கிக் கிடக்கு. இதயம் மயக்க மருந்தைத் தாங்காது. மூக்கால குழாய் விட்டுச் சாப்பாடு குடுப்பம். கொஞ்சம் தேறினால் செய்வம்."

"தேறுவாளா?"

"பாப்பம்."

வெளியில் வந்ததும் ஷாமலா, "ரெண்டு மாசம்ப்பா" என்றாள்.  

அன்று பின்னேரம் அவர் எஸ்ரன் சாமியின் அறைவீட்டுக்குப் போனார். சாமிக்கு ஷாமலாவை விடக் கொஞ்சம்தான் வயது கூட. கதிரையைக் காட்டினார். வில்பிரட் உட்காரவில்லை.

"ஃபாதர், அந்தப் பேர எடுத்துருங்க."

சாமி மேசை லாச்சியைத் திறந்து பெயர்ப் பட்டியலை எடுத்தார். பேனாவால் ஒரு கோடு இழுத்தார். தாளைத் திருப்பிக் காட்டினார்.

"எடுத்தாச்சு. நீங்க அன்னைக்கே எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் வில்பிரட்."

"இங்க எடுத்து என்னா செய்ய ஃபாதர்? அவ காதுல இருக்கே. அங்கயிருந்து எடுக்கணும்."

சாமி பேனாவை மூடி வைத்தார். பிறகு, "ஞாயித்துக்கெழமை நோயாளிகளுக்கான மன்றாட்டுல நானே வாசிக்கிறேன்" என்றார். "அதே மாதிரி, வில்பிரட் மனைவி யோசப்பின்னு. மகளை ஃபோன்ல பதிஞ்சுக்கச் சொல்லுங்க. கொண்டுபோய்க் கேக்க வைங்க. என் குரல் அவங்களுக்குத் தெரியும்."

அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. சாமி சொன்னபடியே வாசித்தார். "உயிரோடு நம்மிடையே இருந்து நோயால் வருந்தும் வில்பிரட் மனைவி யோசப்பின் நலம்பெற" என்று, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி. "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று கோயில் முழுவதும் சொன்னது. ராக்கம்மாவும் வந்து கடைசியில் நின்றிருந்தாள். எல்லாம் ஷாமலாவின் ஃபோனில் பதிவானது.

ஆஸ்பத்திரியில் பார்வை நேரம். யோசப்பின் தலையணையில் சாய்ந்து கிடந்தாள். ஒரு பக்க மூக்கிலிருந்து குழாய் வந்து கன்னத்தில் ஒட்டப்பட்டிருந்தது. கையால் பிடுங்காதபடி விரல்களில் துணி சுற்றியிருந்தார்கள். ஷாமலா ஃபோனை அவள் காதருகே பிடித்தாள். சாமியின் குரல் வந்தது. கோயிலின் குரல் வந்தது. யோசப்பின் கண்ணைத் திறந்தாள். ஏழு நாளுக்குப் பிறகு அவருடைய முகத்தைப் பார்த்தாள். உதடு அசைந்தது. குழாய் உரசியதில் குரல் கரகரத்தது.

"மறுபடி கட்டிக்கிட்டீங்களா?"

ஷாமலா ஃபோனை அணைத்துவிட்டு வராந்தாவுக்குப் போய்விட்டாள்.

"நல்லதுதாங்க" என்றாள் யோசப்பின். "தனியா எத்தனை நாளைக்கு இருப்பீங்க? அவளும் யோசப்பின்தானா? பேரு மாத்திக் கூப்பிட வேண்டியதில்ல."

சிரிக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. பழைய சிரிப்புதான்.

"அவளுக்கு என்னா சொகமில்ல?"

வில்பிரட் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "சாப்பிட மாட்டேங்கிறா."

"அடப் பாவமே." அவள் கண்ணை மூடினாள். போய்விட்டாள் என்று நினைத்தார். மறுபடி பேசினாள். "செத்தவங்கதான் சாப்பிட மாட்டாங்க. அவ சாப்பிடணும். நான் சொன்னேன்னு சொல்லுங்க."

"சொல்றேன்."

தாதி நதீஷா மேசையில் மாக்கஞ்சி ஜாடியை வைத்தாள். ஆட்கள் குறைந்த வார்டு அது. ஊட்டுகிற முறையை முதல் நாளே அவருக்குச் செய்து காட்டியிருந்தாள். குழாயின் நுனியை விரலால் நெரித்துப் பிடிக்க வேண்டும். ஊசியில்லாத பெரிய சிரிஞ்சை அதில் பொருத்தி, கஞ்சியை ஊற்றி, உயரத் தூக்கிப் பிடித்து, பிறகு விரலை விட வேண்டும். அமுக்கக் கூடாது. தானாக இறங்க வேண்டும்.

"ஹெமின் அங்கிள், ஹெமின்" என்றாள் அவள் சிங்களத்தில். மெதுவாக என்று கையால் காட்டினாள்.

அவர் தலையாட்டினார். மெதுவாகத் திறப்பது அவருக்குத் தெரிந்த வேலைதான். ஊற்றினார். கையை உயர்த்தினார். விரலைத் தளர்த்தினார். கஞ்சி குழாயில் நகரத் தொடங்கியது. பழக்கத்தில் இடது கைக் கடிகாரத்தைப் பார்த்தார். இந்தப் பாதைக்கு எத்தனை நிமிடம் என்று அவருக்குத் தெரியவில்லை. யோசப்பின் கண்ணைத் திறக்கவில்லை. அவர் கையை இறக்காமல் நின்றுகொண்டிருந்தார்.